மூச்சுக்கவசத்திற்குப் பின்னே



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று வழக்கமான வகையைச் சேர்ந்ததன்று. எழுதியவர் ஒரு தாய். கல்லூரியில் பயிலும் மைந்தர் இருவர் அவருக்கு உண்டு. உடன்பிறந்தார் இருவரும் இராவுணவு வேளையில் நாள்தோறும் வாதிடுகின்றனராம். வாதம் பணத்தைப் பற்றியதன்று, அரசியலைப் பற்றியதுமன்று. 'கில்ஸோன்' என்னும் வீடியோ கேம் தொடரில் வருகின்ற பகைவர் கூட்டம் கொடியவர்களா, அன்றிக் கொடுமைக்கு ஆளானவர்களா என்பதே வழக்கு. மூத்தவன் பகைவர்க்காகப் பரிந்து பேசுகிறான். இளையவன் அவனை மனச்சான்று அற்றவன் என்கிறான். "கொலைகாரருக்கு வழக்கறிஞனாக நிற்கும் பிள்ளையைக் குறித்து நான் அஞ்ச வேண்டுமா, சுவாமி?" என்று அந்தத் தாய் வினவியிருக்கிறார்.

அறியாத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது முறையன்று. ஆதலின் நம் பங்கின் இளைஞர் சிலரை அணுகினோம். அவர்கள் மகிழ்ந்து, பழைய பெட்டியொன்றும் புதிய பெட்டியொன்றுமாக இரண்டு பிளேஸ்டேஷன்களைப் பங்கு இல்லத்திற்கே கொணர்ந்து, சில மாலைகள் ஆடிக் காட்டினர். நாம் பார்த்திருந்தோம், ஆடவில்லை. அந்தக் கைப்பிடி நம் விரல்களுக்கு வசப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். வேறு உயர்ந்த நோக்கம் ஏதுமில்லை.

இத்தொடரை உருவாக்கியது ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கெரில்லா என்னும் நிறுவனம். முதல் ஆட்டம் 2004இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 2006, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றும், 2013இல் இரண்டும் வந்தன. அத்துடன் தொடர் நின்றது; நிறுவனம் வேறு கதைகளுக்குத் திரும்பிவிட்டது. வெளியிட்டோர் ஜப்பானிய சோனி நிறுவனத்தார். இவை துப்பாக்கி ஏந்திச் சுடும் ஆட்டங்கள். அமெரிக்கத் தரக்குழுவினர் இவற்றுள் பெரும்பாலானவற்றைப் பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கே உரியவை எனக் குறித்துள்ளனர். அக்குறிப்பு பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசியாது பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரும் பெற்றோர் உளர் என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லி வைக்கிறோம்.

இனிக் கதைக்கு வருவோம். ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் மண்டலத்தில் இரு கோள்கள். வெக்டா பசுமையானது, நீர் நிறைந்தது. ஹெல்கான் வறண்டது, அதன் காற்று நஞ்சு, ஆயினும் மண்ணின் அடியில் கனிவளம் மிகுதி. புவியை ஆளும் கூட்டரசு தன் கருவூலம் வறண்ட காலத்தில் இவ்விரண்டிலும் குடியேறும் உரிமையை ஹெல்கான் என்னும் வணிக நிறுவனத்திற்கு விலைக்குக் கொடுக்கிறது. மக்கள் குடியேறி உழைத்துச் செழிக்கின்றனர். தம் வழியே செல்லும் கப்பல்களுக்கு அவர்கள் தீர்வை விதிக்கின்றனர், தீர்வை உயர்கிறது, கூட்டரசு சினம் கொள்கிறது. போர் மூள்கிறது. ஹெல்கான் மக்கள் தோற்கின்றனர். தாம் கட்டியெழுப்பிய வெக்டாவை விட்டு, எவரும் விரும்பாத அந்த நச்சுக்கோளில் சென்று வாழ வேண்டியவராகின்றனர்.

அங்கே முதல் தலைமுறையினர் நோயாலும் பஞ்சத்தாலும் மடிகின்றனர். எஞ்சியோர் மூச்சுக்கவசம் அணிந்து வாழக் கற்றுக்கொள்கின்றனர். பிறக்கும் மக்களின் தோல் வெளிறுகிறது, உடல் மாறுகிறது. தாம் இனி மனிதரல்லர், மனிதரினும் வலிய வேறோர் இனம் என்று நம்பத் தொடங்குகின்றனர். ஹெல்காஸ்ட் என்ற பெயர் அவ்வினத்தினுடையது. அவர்களிடையே ஸ்கோலார் விசாரி என்பவன் எழுகிறான். நாவன்மை மிக்கவன். பட்ட துயரையெல்லாம் ஒன்று திரட்டிப் பெருமையாக மாற்றித் தருகிறான். படையும் கொடியும் ஒழுங்கும் தருகிறான். 2357ஆம் ஆண்டில் வெக்டாவின் மேல் படையை ஏவுகிறான். அங்கேதான் முதல் ஆட்டம் தொடங்குகிறது. ஆடுபவன் கையில் துப்பாக்கி தரப்படுகிறது. அவன் வெக்டாவின் வீரன். எதிரே செந்தணலாய் ஒளிரும் கண்களோடு கவசம் அணிந்த உருவங்கள் அணி அணியாக வருகின்றன.

நாம் இங்கே சிறிது நின்று நோக்க விரும்புகிறோம். அந்தக் கவசம் எதன் அடையாளம்? நச்சுக்காற்றில் வாழத் தள்ளப்பட்டோர் உயிர் பிழைப்பதற்காக முகத்தில் மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கின் சான்று அது. ஆட்டத்திலோ அதுவே அவர்களைச் சுடுவதை எளிதாக்குகிறது. முகம் தெரியவில்லை, கண்ணீர் தெரியவில்லை, கிழவனா, பதினெட்டு வயதுப் பிள்ளையா என்பதும் தெரியவில்லை. நமக்கு ஆடிக்காட்டிய இளைஞரிடம், "இதுவரை எத்தனை பேரைச் சுட்டாய், தம்பி?" என்று கேட்டோம். "அதையெல்லாம் யார் சுவாமி எண்ணுவார்கள்?" என்றார். அவரை நாம் குறை கூறவில்லை. அவ்வாறு எண்ணாதிருக்கும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் மேலே சொன்ன முன்வரலாற்றில் பெரும்பகுதி முதல் ஆட்டத்தைச் சுடும்போது கண்ணில் படுவதில்லை. அதைத் தேடி வாசித்தவனே அறிவான். தேடாதவனுக்கு அவர்கள் வெறும் அரக்கர். மூத்த மைந்தன் தேடி வாசித்திருக்கிறான், இளையவன் வாசிக்கவில்லை. சண்டையின் வேர் பெரிதும் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஹெல்காஸ்ட் படையினரின் உடை, கொடி, அணிவகுப்பு ஆகியவற்றைக் கண்ட எவர்க்கும் நாஜி ஜெர்மனி நினைவிற்கு வரும். அவ்வாறே எண்ண வேண்டும் என்பதுதான் ஆக்கியோர் கருத்து. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1940 மே திங்கள் முதல் 1945 மே வரை நாஜிப் படையின் பிடியில் இருந்த நகரம் என்பதை இங்கே மறத்தலாகாது. 1944–45 குளிர்காலத்தில் ஆலந்து நாட்டில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் பசியால் இறந்தனர். அத்தகைய ஊரில் வளர்ந்தோர், தம் பாட்டனார் காலத்துப் பகைவனின் உடையை ஒரு கற்பனைப் பகைவனுக்கு அணிவித்து, அத்துடன் அவனுக்கு ஒரு துயர வரலாற்றையும் தந்திருக்கின்றனர். சிறிய செயலன்று இது.

ஆயினும் அந்தத் துயர வரலாறு எதிலிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. போர் ஓய்ந்த பின்னும் ஜெர்மனியின் மீதான கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. 1919 ஜூலை வரை நீடித்தது. வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28இல் கையெழுத்தாயிற்று. அதன் 231ஆம் பிரிவு போரின் பொறுப்பை ஜெர்மனியின் மீதும் அதன் கூட்டாளிகளின் மீதும் சுமத்தியது. 1921இல் இழப்பீடு 13,200 கோடித் தங்க மார்க்குகள் என வரையறுக்கப்பட்டது. 1923இல் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பள்ளத்தாக்கில் புகுந்தன. "இவ்வாறு நசுக்கப்பட்டவர்கள் ஹிட்லரைத் தேடாமல் என் செய்வர்?" என்பதே பள்ளிப் பாடங்களில் நாம் பயின்ற விளக்கம். விசாரியின் கதையும் இவ்விளக்கத்தின் மேலேயே கட்டப்பட்டுள்ளது. மூத்த மைந்தனும் இதையே சொல்கிறான் போலும்.

விளக்கம் பொய்யன்று. ஆனால் அது பாதியே. மற்றப் பாதியைத் தேர்தல் கணக்குகள் சொல்கின்றன. உடன்படிக்கை கையெழுத்தாகி ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1928 மே திங்களில் நடந்த தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது நூற்றுக்கு 2.6 வாக்குகளே. ஜெர்மானியர் வெர்சாயை மறந்துவிட்டனரா? இல்லை. மனம் குமுறிக்கொண்டே அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வேறு கட்சிகளுக்கு வாக்களித்தனர், அலுவலகம் சென்றனர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. பல இலட்சம் பேர் வேலை இழந்தனர். 1932 ஜூலையில் அதே கட்சி நூற்றுக்கு 37 வாக்குகளைப் பெற்றது. அதே ஜூலையில்தான் லோசான் மாநாட்டில் இழப்பீட்டுச் சுமையும் ஏறக்குறைய முற்றிலும் நீக்கப்பட்டது! ஹிட்லர் பதவி ஏற்றது 1933 ஜனவரி 30இல். அதாவது, நுகத்தடி கழன்ற பின்னரே நுகத்தடியைக் காட்டி ஒருவன் அரியணை ஏறினான்.

ஆகவே பட்ட துயரம் தானாகவே கொடுங்கோலனைப் பெற்றெடுப்பதில்லை. அத்துயரத்தை உழுது பயிரிட ஒருவன் வேண்டும். அவனுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட வாக்காளரும் அமைச்சரும் வேண்டும். ஆட்டத்தின் கதை விசாரியைப் பற்றிச் சொல்வதிலும் இந்நுட்பம் ஓரளவு உண்டு. துயரப்பட்ட மக்களை அவன் நலம் பெறச் செய்ததுண்டு. உணவும் தொழிலும் தன்மதிப்பும் தந்ததுண்டு. ஆனால் இரண்டாம் ஆட்டத்தில், 2359இல், வெக்டாவின் படை அவன் தலைநகரான பைரஸில் புகும்போது அவன் செய்வதென்ன? பகைவரிடமிருந்து கைப்பற்றிய அணுகுண்டைத் தன் தலைநகரிலேயே வெடிக்கச் செய்கிறான். தன் மக்களுக்காகவே வாழ்வதாகக் கூறியவன் தன் மக்களையே எரிக்கிறான். மூத்த மைந்தன் தன் வாதத்தில் இக்காட்சிக்கு என்ன விடை வைத்திருக்கிறான் என்றறிய நமக்கு ஆவல்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயில்வோர்க்கு முதலாண்டிலேயே ஒன்று கற்பிக்கப்படும். ஒரு செயலின் நன்மை தீமையை அளக்க மூன்றை நோக்க வேண்டும்: செய்த செயல், செய்தவனின் நோக்கம், செய்த சூழ்நிலை. சூழ்நிலை குற்றவாளியின் பொறுப்பைக் குறைக்கலாம், கூட்டலாம். ஆனால் தீய செயலை நற்செயலாக மாற்ற அதனால் இயலாது. பசித்தவன் அப்பத்தைத் திருடினான் என்றால் நாம் அவனைத் தண்டிக்கத் தயங்குவோம். பசித்தவன் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கொன்றான் என்றால் அவன் பசி நம் கண்ணீரைப் பெறலாம். அந்தப் பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

அந்த மடலுக்கு நம் விடை இது: அம்மா, அஞ்ச வேண்டாம். பகைவனுக்கும் ஒரு வரலாறு உண்டென்று தேடிச் செல்லும் பிள்ளை மனச்சான்று உடைய பிள்ளையே. அவன் கால் இடறும் இடம் ஒன்றுண்டு. 'ஏன் செய்தான்' என்பதற்கு விடை கண்டவுடன் 'செய்தது தகும்' என்று முடிவு கட்டுகிறான். இளையவனுக்கும் இடறும் இடம் உண்டு. 'செய்தது தகாது' என்று கண்டவுடன் 'ஏன் செய்தான்' என்று கேட்பதையே குற்றமாக்குகிறான். இருவருள் யார் பிழை பெரிது என்று கேட்டால், நம் காலத்தில் இளையவனின் பிழையே மிகுதியாகக் காணப்படுகிறது என்போம். ஆயினும் மூத்தவனின் பிழையை நாம் இலேசாகக் கொள்ளவில்லை.

போருக்குப் பின் தோற்றவர்க்கு என்ன செய்திருக்கலாம் என்பதற்கு வரலாறு வேறு சான்றும் வைத்திருக்கிறது. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1917 ஆகஸ்டு முதல் நாள் போரிடும் நாடுகளின் தலைவர்க்கெல்லாம் சமாதான ஆலோசனை அனுப்பினார், எவரும் செவிசாய்க்கவில்லை. பாரிஸ் மாநாட்டில் அவர்க்கு இடமில்லை என்று 1915இலேயே இலண்டனில் இரகசிய உடன்படிக்கை ஒன்றால் உறுதி செய்திருந்தனர். ஆனால் 1919 நவம்பரில் அவர் ஒரு சுற்றுமடல் விடுத்தார். அதன் பொருள், நடு ஐரோப்பாவில் பசித்துக் கிடக்கும் பிள்ளைகள். தோற்ற நாட்டுப் பிள்ளைகள்! 1920 டிசம்பரில் அதே பொருள் குறித்து இரண்டாவது சுற்றுமடலும் விடுத்தார். அதற்கு முன்பே இலண்டனில் எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி, பட்டினியால் வாடும் ஆஸ்திரியப் பிள்ளைகளின் படத்தோடு துண்டறிக்கை வழங்கியமைக்காகக் கைது செய்யப்பட்டு ஐந்து பவுன் தண்டம் விதிக்கப்பட்டார். அவர் 1919இல் தம் தங்கையாருடன் தொடங்கிய குழந்தைகள் நிதி இன்றும் உலகெங்கும் இயங்குகிறது. பகைவனின் பிள்ளைக்குப் பசிக்கிறது என்று சொல்வதே அன்று குற்றமாயிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்பிள்ளைகளுள் ஒருத்தியை நாம் பெயரிட்டே அறிவோம். வியன்னாவில் 1909இல் பிறந்த ஹெர்மினே என்னும் சிறுமி, உணவின்றி மெலிந்து, 1920 டிசம்பரில் தன் பதினொன்றாம் வயதில் ஆலந்து நாட்டு லைடன் நகருக்கு அனுப்பப்பட்டாள். சில திங்கள் தங்கி உடல் தேறித் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழை உழைப்பாளர் குடும்பம் ஒன்று, தனக்கே பிள்ளைகள் பலர் இருந்தும், அவளை ஏற்றுக்கொண்டது. மீப் என்று செல்லப்பெயரிட்டு அழைத்தது. அவள் திரும்பவேயில்லை. வளர்ந்து ஆம்ஸ்டர்டாமில் வேலை பெற்றாள். நாஜி மகளிர் குழுவில் சேர அழைத்தபோது மறுத்தாள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு 4 வரை தன் அலுவலகக் கட்டடத்தில் ஒளிந்திருந்த எட்டு யூதர்க்கு உணவும் நூல்களும் செய்தியும் கொண்டு சென்றோருள் ஒருவராய் இருந்தாள். அவர்கள் பிடிபட்ட பின், தரையில் சிதறிக் கிடந்த ஒரு சிறுமியின் நாட்குறிப்புத் தாள்களைப் பொறுக்கி மேசை அறையில் பூட்டி வைத்தாள். அன்னா பிராங்கின் நாட்குறிப்பு உலகிற்குக் கிடைத்தது அவ்வாறே. மீப் கீஸ் அம்மையார் நூறு ஆண்டு வாழ்ந்து 2010இல் மறைந்தார்.

அதே தோல்வி, அதே பசி, அதே மொழி. ஒரு சிலர் வியன்னாவின் தெருக்களில் 1938இல் யூத முதியோரை முழந்தாளில் நிறுத்தித் தளத்தைத் துடைக்கச் செய்தனர். மீப் ஆம்ஸ்டர்டாமில் காய்கறிப் பையைச் சுமந்து மாடி ஏறினாள். இவ்விரண்டையும் பசி ஒன்றே விளக்கிவிடாது. இடையில் லைடன் நகரத்து ஏழை வீடொன்றின் சாப்பாட்டு மேசை இருந்தது. அதற்கு மேல் அவளுடைய சொந்த மனமும் இருந்தது.

கில்ஸோன் தொடரிலும் இத்தகைய ஒருவன் உண்டு. முதல் ஆட்டத்தில் வரும் ஹாக்கா. பாதி ஹெல்காஸ்ட் குருதி உடையவன். ஹெல்காஸ்ட் படையினுள் இருந்துகொண்டே வெக்டாவுக்காக உளவு பார்ப்பவன். அவனோடு சேர்ந்து போரிட வேண்டிய ரிக்கோ என்ற வெக்டா வீரன் அவன் பிறப்பை முன்னிட்டே அவனை வெறுக்கிறான். ஆக்கியோர் இப்பாத்திரத்தை இன்னும் வளர்த்திருக்கலாம். விரைந்து கடந்துவிட்டனர். சுடுவதற்கு நேரம் வேண்டுமே!

மூன்றாம் ஆட்டத்தின் முடிவு நம்மை வருத்தியது. விசாரி மாண்டபின் அவன் இடத்திற்குப் போட்டியிடுவோருள் ஸ்டால் என்னும் ஆயுத வணிகன் ஒருவன். அவனுடைய போர்க்கப்பலை வெக்டா வீரர்கள் தாக்கி வெடிக்கச் செய்கையில், அதிலிருந்த பேராயுதம் வெடித்து ஹெல்கான் கோளையே சூழ்ந்துகொள்கிறது. மக்கள் கோடிக்கணக்கில் மாள்கின்றனர். ஆடுபவன் வெற்றி பெற்றுவிட்டான், ஆட்டம் முடிந்தது, கீழே ஒரு கோள் எரிகிறது. நமக்கு ஆடிக்காட்டிய இளைஞர், "முதல் முறை இதைப் பார்த்தபோது கைதட்டினேன், சுவாமி, இரண்டாம் முறை தட்டவில்லை" என்றார்.

2013இல் வந்த 'ஷேடோ ஃபால்' என்ற ஆட்டம் இதன் பின் முப்பது ஆண்டுகள் கழித்து நிகழ்கிறது. எரிந்த கோளிலிருந்து தப்பிய ஹெல்காஸ்ட் மக்களுக்கு வெக்டாவின் பாதி தரப்படுகிறது. நகரத்தின் நடுவே வானளாவிய சுவர் எழுகிறது. 1961 முதல் 1989 வரை பெர்லினைப் பிளந்து நின்ற சுவரை நினைவூட்டுவது அது. நாம் வியந்தது, இங்கே பிழைகள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதில். ஏதிலியர்க்கு நிலம் தந்தது அறமே. ஆனால் அந்நிலத்தில் முன்னரே குடியிருந்த வெக்டா மக்கள் வெளியேற்றப்படுகின்றனர். அவ்வாறு இரவோடிரவாகத் தன் சிறுவனை அழைத்துக்கொண்டு ஓடும் தந்தை ஒருவர் மகன் கண்முன்னேயே ஹெல்காஸ்ட் வீரரால் சுடப்படுகிறார். அச்சிறுவன் கெல்லன். அவனே ஆட்டத்தின் நாயகன். ஒருவர்க்குச் செய்த நீதியின் செலவை வேறொருவர் தலையில் கட்டினால் என்ன நேரும் என்பதை முதல் கால் மணி நேரத்திலேயே காட்டிவிடுகின்றனர்.

கெல்லனை வளர்ப்பவன் சின்கிளேர், வெக்டாவின் காவல் அமைப்புத் தலைவன். அன்புள்ள வளர்ப்புத் தந்தை, நாட்டுப்பற்று மிக்கவன். அவன் இரகசியமாகச் செய்விக்கும் ஆயுதமோ ஹெல்காஸ்ட் குருதி உடையோரை மட்டும் தேடிக் கொல்லும் நோய். முன்னைய ஆட்டங்களில் அரக்கரின் அடையாளமாயிருந்த எண்ணம் இப்போது நம் பக்கத்துப் பெரியவரின் மேசையில் திட்டமாக விரிந்து கிடக்கிறது. கெல்லனுக்கு எதிரே வருபவள் எக்கோ என்னும் பெண். விசாரியின் பேத்தி, பாதி வெக்டா, பாதி ஹெல்காஸ்ட். அவள் கவசமின்றி வருகிறாள். பத்தாண்டுகளாகச் சுட்ட பகைவரிடையே ஆடுபவன் நின்று உரையாடும் முகம் அவளுடையது.

இருவரும் சேர்ந்து ஸ்டாலைத் தடுத்துப் பேரழிவை விலக்குகின்றனர். அதன்பின் கெல்லனைச் சுட்டுக் கொல்பவன் அவனை வளர்த்த சின்கிளேரே. இறுதிக் காட்சியில் ஆடுபவன் எக்கோவாக மாறுகிறான். தொலைவிலிருந்து சின்கிளேரைக் குறிபார்த்துச் சுடுகிறான். முதல் ஆட்டத்தில் வெக்டாவுக்காகத் துப்பாக்கி பிடித்த அதே கை, கடைசிக் குண்டை விசாரியின் பேத்தியாக நின்று வெக்டாவின் தலைவன் மீது செலுத்துகிறது. நம் பங்கு இல்லத்தில் அதைப் பார்த்த ஐவருள் மூவர் "சரி" என்றனர், இருவர் வாளாவிருந்தனர். சிறிது நேரம் கழித்து ஒருவர், சின்கிளேரைச் சுடாமல் நிறுத்தி வைத்து வழக்கு நடத்தும் வழி அந்த ஆட்டத்தில் உண்டா என்று பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இல்லை.